முன்பக்கக் கீழ் ஆர்ம் புஷ்கள் 14 மாதங்களில் கிழிந்துவிட்டன: மீண்டும் ரப்பரா, பாலியூரித்தேனா?

நீலரோட்ஸ்டர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1971ஆம் ஆண்டைச் சேர்ந்த, குரோம் பம்பர் பொருத்திய எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கக் கீழ் ஆர்ம்களின் (முன்சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கைகள், பக்கத்துக்கு இரண்டு) உள்முனையில், ஆர்ம் திரும்பும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்களைப் பற்றி உங்கள் ஆலோசனையைக் கேட்க விரும்புகிறேன்.

14 மாதங்களுக்கு முன்பு அந்தப் புஷ்களை நானே மாற்றினேன். முதலில் இருந்தவை ஆர்முக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு சாதாரண ரப்பர் புஷ்கள். இன்ஜினிலிருந்து கசிந்த எண்ணெயில் ஊறி உப்பிப்போய், பிவட் பின்னுக்கு (ஆர்ம் திரும்பும் அச்சுத் தண்டு) ஒரு பக்கம் முழுவதும் நசுங்கி மறுபக்கம் பிதுங்கி நின்றன. அவற்றை எடுத்துவிட்டு, 1973 முதல் 1976 வரை வந்த ஜிடி வி8 காருக்கென்று செய்யப்பட்ட, இரும்பு உறை போட்ட புஷ்களை ஆர்முக்கு ஒன்றாக நான்கு பொருத்தினேன். எண்ணெய்க் கசிவையும் அப்போதே சரிசெய்துவிட்டேன்.

வேலையை முடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. முன்சக்கரங்கள் கழற்றப்பட்டு, ஆர்ம்கள் கீழே தொங்கிய நிலையில், பிவட் பின்னின் நட்டுகளை மானுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முறுக்குவிசையை அளந்து காட்டும் கருவி) முறுக்கி, நட்டு கழலாமல் ஸ்பிளிட் பின் போட்டு, சக்கரங்களை மாட்டி, காரைக் கீழே இறக்கினேன். இறக்கியபின் அளந்து பார்த்தபோது காரின் முன்பக்கம் முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 10 மி.மீ. உயர்ந்து நின்றது. நசுங்கிய ரப்பர் போய்ப் புதிய ரப்பர் வந்ததால் ஏற்பட்ட நல்ல மாற்றம் என்றே அன்று அதை எடுத்துக்கொண்டேன்.

இப்போது மேடுபள்ளங்களில் இடது முன்பக்கத்திலிருந்து "டொக்" என்ற ஒலி கேட்கிறது. பிரேக்கை அழுத்தினால் கார் இடப்பக்கம் இழுக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, இடப்பக்கத்து இரண்டு புஷ்களிலும் உள்குழாயை ஒட்டி ரப்பர் பிறை வடிவில் கிழிந்திருப்பது தெரிந்தது. வலப்பக்கம் கிழிசல் தொடங்கிய நிலையில் இருக்கிறது. இந்த 14 மாதங்களில் கார் 6,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

தரமற்ற புஷ்கள் எனக்கு வந்து சேர்ந்தனவா? இந்த முறை பாலியூரித்தேனுக்கு மாறுவது நல்லதா? பிரித்துப் போடும்போது வேறு எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும்?

திருகாணி

வணக்கம் நண்பரே. செய்த வேலையை ஒளிவுமறைவின்றி முழுவதும் எழுதியிருப்பதால்தான் உங்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. புஷ்களின் தரத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால், ஆர்ம்கள் தொங்கிய நிலையில் நட்டுகளை முறுக்கினேன் என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியைத்தான் நான் பார்க்கிறேன். கிழிசலுக்குக் காரணம் அதுதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

வி8 வகைப் புஷ்ஷில் வெளியே ஓர் இரும்பு உறை, உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே அவற்றோடு ஒட்டிய ரப்பர். வெளி உறை ஆர்மின் கண்ணுக்குள் (ஆர்ம் முனையிலுள்ள வட்டத் துளை) இறுகிப் பிடித்திருக்கிறது. நட்டை முறுக்கியதும் உள்குழாய் பிவட் பின்னோடு இறுகிவிடுகிறது. அதன் பிறகு எந்தப் பரப்பும் எந்தப் பரப்பின் மீதும் வழுக்குவதில்லை. ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் நடுவிலிருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. ஆகவே நட்டை எந்த நிலையில் முறுக்குகிறோமோ, அந்த நிலையையே ரப்பர் தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும்.

கணக்காகவே பார்ப்போம். ஆர்மின் நீளம் 250 மி.மீ. என்றும், தொங்கும் ஆர்மின் முனை கார் தரையில் நிற்கும்போது இருப்பதைவிட 60 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். காரைக் கீழே இறக்கிய கணத்திலேயே ரப்பர் ஏறத்தாழ 14 பாகை முறுக்கப்பட்டுவிடுகிறது. கார் இரவெல்லாம் கொட்டகையில் சும்மா நின்றாலும் அந்த முறுக்கம் ரப்பரை விட்டு நீங்காது. பிறகு சாலையில் ஒரு பள்ளம் ஆர்மை இன்னும் 50 மி.மீ. மேலே தள்ளினால் கூடுதலாக 11 அல்லது 12 பாகை சேரும். சரியான நிலையில் முறுக்கிய புஷ் 12 பாகையோடு தப்பித்துக்கொள்ளும் இடத்தில், உங்களுடையது 26 பாகை திரும்புகிறது. ரப்பர் உள்குழாயை ஒட்டிக் கிழிவதற்கும் காரணம் உண்டு: ஒரே முறுக்குவிசை உள்ளே சிறிய பரப்பில் விழுவதால் அங்கேதான் தகைவு மிகுதி.

முன்பக்கம் 10 மி.மீ. உயர்ந்து நின்றதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? முறுக்கப்பட்ட நான்கு புஷ்களும் கூடுதல் ஸ்பிரிங்குகளைப் போல ஆர்ம்களைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. இடது முன்பக்கம் இப்போது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். கிழிந்த பக்கம் பழைய உயரத்துக்கே திரும்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதிய புஷ்களைப் போட்டபின் நட்டுகளைக் கையால் இறுக்கிவிட்டு, கார் தன் எடையோடு தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் இறுதி முறுக்கு கொடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை, நீங்கள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது விரிவாக எழுதுகிறேன்.

நெம்புகோல்

திருகாணி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பிரிப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். புஷ் கிழிந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், கேட்கும் ஒலி எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்கிவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

கார் சமதளத்தில் நிற்கட்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் காரை முன்னும் பின்னுமாக அசைக்க, நீங்கள் பக்கவாட்டிலிருந்து ஆர்மின் உள்முனையைப் பாருங்கள். கண்ணுக்குள் பிவட் பின் இடம்பெயர்ந்தால் புஷ் போய்விட்டது. பிரேக் போடும்போது இழுப்பதற்கும் இதுவே காரணமாகலாம். ஒரு பக்க ஆர்ம் பின்னுக்கு நகர்ந்தால் அந்தச் சக்கரத்தின் கோணங்கள் மாறிவிடுகின்றன. எம்ஜிபியில் கேம்பர் கோணத்தையும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) காஸ்டர் கோணத்தையும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) திருத்திக்கொள்ளத் தொழிற்சாலை எந்த ஏற்பாடும் தரவில்லை. டோ-இன் அளவை (முன்சக்கரங்களின் முன்னோரங்கள் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) மட்டும்தான் நாம் மாற்ற முடியும். எனவே அந்தக் கோணங்களைக் காப்பாற்றும் பொறுப்பில் பெரும்பங்கு இந்த நான்கு புஷ்களிடம் இருக்கிறது.

அடுத்து, ஸ்பிரிங் தட்டின் (ஸ்பிரிங்கின் அடிமுனை உட்காரும் தட்டு) அடியில் ஜாக்கி கொடுத்து டயர் தரையை விட்டுச் சற்றே எழும்படி உயர்த்துங்கள். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவியாளரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்; மறையாவிட்டால் கிங்பின் (ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டு) அல்லது அதன் மேலும் கீழும் உள்ள இணைப்புகள். மேல் டிரன்னியனில் (கிங்பின்னின் மேல்முனையை மேல் ஆர்மோடு இணைக்கும் பகுதி) இருக்கும் ரப்பர் புஷ்களை மறந்துவிடாதீர்கள். இந்தக் காரில் லீவர் வகை ஷாக் அப்சார்பரின் கைகள்தாம் மேல் ஆர்மாகவும் வேலை செய்கின்றன. அதன் தண்டில் ஆட்டம் இருந்தால், கீழே எத்தனை புஷ் மாற்றினாலும் "டொக்" ஒலி நிற்காது. ஆன்டி ரோல் பாரின் (திருப்பங்களில் கார் சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) இணைப்புகளையும் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒருமுறை செய்து பழகிவிட்டீர்கள் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். பழகியவர்கள்தாம் அவசரப்படுகிறார்கள். சேசிஸின் அடியில் உறுதியான ஸ்டாண்டுகள் நிற்க, ஸ்பிரிங் தட்டின் கீழ் ஜாக்கி தாங்க, ஸ்பிரிங்கின் வளையங்களுக்குள் ஒரு சங்கிலியை நுழைத்துக் கிராஸ் மெம்பரோடு (முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம்) தளர்வாகக் கட்டிவிட்டு, அதன் பிறகே மேல் டிரன்னியனின் போல்ட்டை உருவுங்கள். ஹப்பைக் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸ் அதன் எடையைச் சுமக்கக் கூடாது. ஜாக்கியை இறக்கும்போது உடலின் எந்தப் பகுதியும் ஸ்பிரிங் பாயக்கூடிய திசையில் இருக்க வேண்டாம்.

ஆர்ம்கள் கழன்றதும் பிவட் பின்னைத் துடைத்து, விரல் நகத்தால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் முழுவதும் தேய்ந்த காலத்தில் இரும்பும் இரும்பும் உரசியிருந்தால் அங்கே ஒரு படி தட்டுப்படும். படி இருந்தால் பின்னையே மாற்றுங்கள்.

நீலரோட்ஸ்டர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திருகாணி ஐயா சொன்னபடியே நடந்திருக்கிறது: ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டர் வளைவு வரை அளந்தபோது, இடது முன்பக்கம் வலப்பக்கத்தைவிட 7 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. கிழிந்த புஷ்களுக்குத் தள்ளுவதற்கு இனி வலு இல்லை.

நேற்று பிரித்துவிட்டேன். வலப்பக்கத்துப் பிவட் பின் நன்றாக இருக்கிறது. இடப்பக்கத்தில் நகம் தடுக்கும் அளவுக்குப் படி விழுந்திருப்பதால் புதிய பின் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். போன முறை புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து உள்ளே இறக்கியதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதற்கும் இந்தக் கிழிசலில் பங்கு உண்டா? இம்முறை புஷ்களைக் குளிர்பெட்டியில் உறையவைத்துப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். பாலியூரித்தேன் பற்றியும் உங்கள் முடிவான கருத்தைச் சொல்லுங்கள்.

வைஸ்மேசை

புஷ்ஷை ஏற்றி இறக்குவது பற்றி நான் எழுதுகிறேன். இதில் நிறைய நேரம் செலவிட்டிருக்கிறேன்.

சுத்தியலால் அடித்தால் பெரும்பாலும் அடி உள்குழாயின் மீதோ, உறையின் ஓர் ஓரத்தின் மீதோ விழும். உள்குழாயில் விழுந்தால் ரப்பரின் ஒட்டு அன்றைக்கே பலவீனப்படும். உறையின் ஓரத்தில் விழுந்தால் புஷ் சாய்ந்து இறங்கிக் கண்ணின் உட்சுவரைச் சீவிவிடும். எனவே பங்கு உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். ஆனால் திருகாணி விளக்கிய முறுக்கத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய பங்கு.

பழைய புஷ்ஷை எடுக்க நெருப்பு வைக்காதீர்கள். எரியும் ரப்பரின் புகை நுரையீரலுக்குக் கேடு. அந்தச் சூடு ஆர்முக்கும் நல்லதன்று. ரப்பரில் வரிசையாகத் துளைகள் போட்டு உள்குழாயைத் தள்ளி எடுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடைக் கண்ணுக்குள் நுழைத்து, உறையை மட்டும் நீளவாக்கில் ஒரு கோடு அறுங்கள். உறையை அறுத்து முடிக்கும் தறுவாயில் பிளேடின் ஒலி மாறும்; அந்த இடத்தில் கையை நிதானப்படுத்துங்கள், ஏனெனில் அதற்கு அப்பால் இருப்பது ஆர்ம். கோடு விழுந்ததும் உறை தளர்ந்து, உளியின் லேசான தட்டலுக்கே உள்நோக்கி மடங்கி வெளியே வந்துவிடும்.

குளிர்பெட்டி பற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உறையின் விட்டம் 35 மி.மீ. என்று கொண்டால், 40 பாகை செல்சியஸ் குளிர்ச்சிக்கு இரும்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குகூடச் சுருங்காது. தீங்கில்லை, ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். கண்ணின் உட்சுவரிலுள்ள துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் முற்றிலும் நீக்கி, விளிம்பிலுள்ள பிசிரை அரத்தால் மழுக்குவது இதைவிடப் பல மடங்கு உதவும். பிறகு நீண்ட மரையுள்ள ஒரு போல்ட், உறையின் விளிம்பில் மட்டும் படும் அளவுள்ள ஒரு சாக்கெட், மறுபக்கம் புஷ் வெளிவர இடம் கொடுக்கும் பெரிய சாக்கெட் ஆகியவற்றைக் கொண்டு நட்டை மெல்ல முறுக்கி இழுங்கள். முதல் 3 அல்லது 4 மி.மீ.க்குள் புஷ் நேராக இறங்குகிறதா என்று நான்கு பக்கமும் பாருங்கள். சாய்ந்திருந்தால் வெளியே எடுத்து மீண்டும் தொடங்குங்கள். உயவுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் எண்ணெயும் ரப்பரின் பக்கமே வரக் கூடாது. உங்கள் பழைய புஷ்கள் உப்பிய கதை உங்களுக்கே தெரியும்.

பாலியூரித்தேனைப் பொறுத்தவரை, அது வேறு விதமாக வேலை செய்யும் பொருள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே பொருள் முறுக்கிக்கொள்வதில்லை. உள்குழாய் அதற்குள் சுழல்கிறது. ஆகவே எந்த உயரத்தில் முறுக்கினாலும் கிழியாது. ஆனால் சுழலும் பரப்பு இருக்கும் இடத்தில் உயவும் வேண்டும், வழவழப்பும் வேண்டும். அதற்கென்று தரப்படும் சிலிகோன் கிரீஸ் வறண்டுவிட்டால் கிறீச்சிடத் தொடங்கும். மண் புகுந்தால் தேயும். எம்ஜிபியின் இரண்டு கீழ் ஆர்ம்களும் ஒரே அச்சில் நேராகச் சுழல்வதால் அங்கே பாலியூரித்தேன் பழுதின்றி வேலை செய்யும் என்றே சொல்வேன். 1959இல் வந்த மினியில் முன்பக்க ஆர்மைப் பிடித்திருக்கும் டை ராட் போன்ற இடங்கள் வேறு. ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ராட் சாய்ந்தாக வேண்டும். மிகக் கடினமான புஷ் போட்டால் சாய்வதற்கு இடமின்றி வளைவிசை ராட்டின் மரையில் போய் விழும். கடினமானது எப்போதும் மேலானது என்ற எண்ணம் அங்கே பொய்த்துப்போகிறது.

சாலையில் மட்டும் ஓடும் உங்கள் ரோட்ஸ்டருக்கு நான் மீண்டும் வி8 ரப்பர் புஷ்களையே போடுவேன். முறையாக முறுக்கிய ரப்பருக்கு உயவும் வேண்டாம், பராமரிப்பும் வேண்டாம். சாலையின் சின்னச் சின்ன அதிர்வுகளை அது விழுங்கிவிடுவதைப் போலப் பாலியூரித்தேன் விழுங்குவதில்லை.

திருகாணி

வைஸ்மேசையின் பதிலோடு எனக்கு ஓர் இடத்தில் மட்டும் கருத்து வேறுபாடு. படி விழுந்த பின்னை மாற்றாமல் விட்டுவிடுபவர்கள் பலர் இருப்பதால், இந்தக் காருக்குக்கூடப் பாலியூரித்தேனை நான் தயங்கித்தான் பரிந்துரைப்பேன். சொரசொரப்பான பின்னின் மேல் உள்குழாய் சரியாக உட்காராது, சுழற்சி வேண்டாத இடத்தில் நடக்கும். நீங்கள் பின்னை மாற்றுவதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இனி இறுதி முறுக்கு. ஸ்பிரிங் தட்டின் கீழ் ஜாக்கி கொடுத்து ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தி முறுக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஆன்டி ரோல் பார் மறுபக்கத்தை இழுத்துக்கொண்டிருக்கும், உயரமும் ஊகமாகிவிடும். நான் செய்வது இது: நட்டுகளைக் கையால் மட்டும் இறுக்கி, ஸ்பிளிட் பின்னைத் தற்காலிகமாகச் செருகி, சக்கரங்களை மாட்டிக் காரைத் தரையில் இறக்குகிறேன். ஜாக்கியிலிருந்து இறங்கிய கார் உடனே தன் உயரத்துக்கு வராது. டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு ஆர்ம்களைப் பக்கவாட்டில் அகல விடாமல் பிடித்திருக்கும். அதனால் காரைக் கையால் தள்ளி இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விடுகிறேன். பிறகு நான்கு சக்கரங்களும் சம உயரத்தில் நிற்கும்படி அகலமான மரப்பலகைகளின் மேல் மெல்ல ஏற்றி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மீண்டும் அழுத்திவிட்டு, ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் வரை அளந்து, இரண்டு பக்கமும் ஒத்துவருவதைப் பார்த்த பிறகே கீழே படுத்து டார்க் ரென்ச்சைப் போடுகிறேன்.

நட்டின் வெட்டும் பின்னின் துளையும் நேர்ப்படாவிட்டால் நட்டைத் தளர்த்தி நேர்ப்படுத்தாதீர்கள். மானுவல் தரும் அளவுக்குள் முன்னோக்கி முறுக்கியே நேர்ப்படுத்த வேண்டும். அப்படியும் வராவிட்டால் வாஷரை மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் டோ-இன் அளவைச் சோதியுங்கள். இந்தக் காருக்கு அது 1.6 முதல் 2.4 மி.மீ. வரை.

நீலரோட்ஸ்டர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்; தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்துப் பிவட் பின் வந்து சேர நாளாகிவிட்டது.

மீண்டும் வி8 ரப்பர் புஷ்களையே போட்டேன். மூன்று புஷ்கள் நேராக இறங்கின. நான்காவது இரண்டு முறை சாய்ந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது, போன முறை சுத்தியல் சீவிய தழும்பு கண்ணின் விளிம்பில் அரை மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்றது. அதை அரத்தால் மழுக்கியதும் சோப்புத் தண்ணீரோடு சிரமமின்றி இறங்கிவிட்டது. நெம்புகோல் சொன்னபடி மேல் டிரன்னியன்களையும் பார்த்தேன்; வலப்பக்கத்து ரப்பர் வெடித்திருந்ததால் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன்.

காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கியதும் அளந்தேன். உருட்டி அழுத்திய பிறகும் அளந்தேன். முதல் அளவுக்கும் இரண்டாவது அளவுக்கும் 18 மி.மீ. வித்தியாசம். உருட்டாமல் முறுக்கியிருந்தால் அந்த 18 மி.மீ.க்கான முறுக்கமும் ரப்பருக்குள் தங்கியிருக்கும். இப்போது இரண்டு பக்கமும் 2 மி.மீ. வேறுபாட்டுக்குள் நிற்கின்றன. டோ-இன் 4 மி.மீ. இருந்தது, 2 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன்.

நேற்று 80 கிலோமீட்டர் ஓட்டினேன். "டொக்" ஒலி இல்லை. பிரேக் போட்டால் கார் நேராக நிற்கிறது. 500 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளையும் ரப்பரையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, உயரத்தையும் அளந்து இங்கே எழுதுகிறேன்.